வட்டத்துக்குப் பதில் ஒன்பது

பொங்கல் லீவு முடிந்து கம்பெனி திறந்த இரண்டாம் நாள் சின்னவர் என்னை அறைக்குக் கூப்பிட்டார். சின்னவர் எங்கள் முதலாளியின் மகன். அப்பா ஒதுங்கிக்கொண்ட பிறகு மூன்று வருடமாக எல்லாம் அவர்தான். நான் அந்தப் பனியன் கம்பெனியின் புரோகிராமர். பெயர்தான் பெரிது. பத்தொன்பது வருடத்தில் நான் எழுதியது ஒரே ஒரு புரோகிராம். சாயம் போட்டு வந்த துணி எந்த லாட், அதாவது எந்தத் தடவை சாயம் ஏறியது, அதை எத்தனை கட்டாக வெட்டினார்கள், எந்தக் கட்டு எந்தத் தையல் வரிசைக்குப் போனது என்று சொல்லும் புரோகிராம். எழுதி முடித்த பிறகு அதற்குக் காய்ச்சல் வந்தால் கஞ்சி வைத்துக் கொடுப்பதுதான் என் உத்தியோகம்.

சின்னவர் சுற்றி வளைக்கவில்லை. புரோகிராம் ஆபீஸில் ஒரே அறையில், இரண்டு கம்ப்யூட்டரில் மட்டும் ஓடுகிறது. கட்டிங்கிலும் தையல் வரிசையிலும் ஆளுக்கொரு டேப்லெட் கொடுத்து அங்கேயே பார்க்கும்படி செய்ய வேண்டும். நான் அதை எழுதிய விஷுவல் பேசிக் என்ற கம்ப்யூட்டர் மொழியை அதைச் செய்தவர்களே கைவிட்டு வருடக்கணக்காகிறது. கோயமுத்தூரில் அவருடைய நண்பர் ஒருவர் பைத்தான் என்கிற புது மொழியில் எழுதச் சொல்லியிருக்கிறார்.

“வெளியாள் வேண்டாங்கக்கா. நீங்களே படிச்சுப் பண்ணீருங்க. முடியாட்டி மட்டும் சொல்லீருங்க, ஆள் பாத்துக்கலாம்” என்றார்.

பாத்துட்டுச் சொல்றனுங்க என்றேன்.

எங்கள் பக்கம் யாரும் முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்வதில்லை. பெண் கேட்டு வந்தாலும் சரி, நிலம் விலைக்குக் கேட்டாலும் சரி, பாத்துட்டுச் சொல்றேன் என்பார்கள். கேட்டவரும் புரிந்துகொண்டு காப்பியைக் குடித்துவிட்டு வேறு இடம் பார்ப்பார். சின்னவர் ஆறாம் வகுப்பிலிருந்தே வெளியூர் ஹாஸ்டலில் வளர்ந்தவர். நான் நிஜமாகவே பார்த்துவிட்டுச் சொல்லப்போகிறேன் என்று நம்பிவிட்டார்.

எனக்குப் பயமாக இருந்தது. இன்று இதை ஒரு வரியில் எழுதிவிடுகிறேன். அன்றைக்கு என்னிடமே ஒத்துக்கொள்ளவில்லை. குண்டடம் பக்கத்தில் கம்பும் மக்காச்சோளமும் போடுகிற வீட்டிலிருந்து தாராபுரத்துக்கு பஸ் ஏறிப்போய்க் கம்ப்யூட்டர் படித்தவள் நான். அந்தப் படிப்பும் அந்த ஒரு மொழியும்தான் என்னைத் தையல் மெஷினுக்கு முன்னால் உட்காராமல் காப்பாற்றின. எங்கள் ஊர்ப் பெண்கள் வரும் அதே கம்பெனி வேனில் வந்து இறங்கி, அவர்கள் இடப்பக்கம் திரும்பும்போது நான் வலப்பக்கம் ஏசி அறைக்குத் திரும்புவேன். நாற்பத்தாறு வயதில் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கினால், அந்த வலப்பக்கம் என் கையை விட்டுப் போய்விடும் என்று தோன்றியது.

மாசி மாதத்தில் ஒரு வாரம் முயற்சி செய்து பார்த்தேன். சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்துவைத்து வீடியோ பார்த்தேன். சொல்லிக்கொடுத்தவர் ரயிலைப் பிடிக்கப் போகிறவரைப்போலப் பேசினார். அந்த மொழியில் வரியின் தொடக்கத்தில் விடும் இடைவெளிக்குக்கூட அர்த்தம் உண்டாம். நான் பத்தொன்பது வருடமாக இடைவெளியை அழகுக்கு மட்டுமே விட்டவள். ஒரு சின்னக் கணக்கை அடிக்க, இடைவெளி தப்பு, இடைவெளி தப்பு என்று திரை சிவப்பில் சொல்லிக்கொண்டே இருந்தது. அடுத்தவர் தப்பைக் காட்டத்தான் நான் புரோகிராம் எழுதுவேன். எனக்கே ஒன்று தப்பு காட்டியதைத் தாங்க முடியவில்லை. மூடிவைத்துவிட்டேன்.

அப்புறம் சப்பைக்கட்டு தொடங்கியது. ஒரு தாளில் கோடு போட்டு, படித்தால் என்ன, படிக்காவிட்டால் என்ன என்று இரண்டு பக்கமும் எழுதினேன். படிக்காததற்கான காரணங்கள் தாளின் அடிவரை வந்தன. ஓடுகிற புரோகிராமை ஏன் கலைக்க வேண்டும், டேப்லெட் வாங்கினால் உடைப்பார்கள், கட்டிங்கில் நெட் சரியாகக் கிடைக்காது. எல்லாம் கம்பெனியின் நன்மைக்கு. என்னைப் பற்றி ஒரு வரி இல்லை. வீட்டுக்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, படிப்பதானால் படி, இல்லையென்றால் முடியாது என்று சொல்லிவிடு, தினமும் சோற்றில் கைவைக்கும்போது இதையே பேசாதே என்றார். அவர்மேல் எரிந்து விழுந்தேன்.

இந்த இடத்தில் ஒன்பதைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

சாயம் சரியாக ஏறாத துணியைத் திருப்பி அனுப்பி மறுசாயம் போட்டு வாங்குவார்கள். பெயருக்கு அதே நிறம், ஆனால் ஒரு நூல் வித்தியாசம் இருக்கும். அந்தத் துணியில் கை வெட்டி, முதல் சாயத் துணியில் உடம்பு வெட்டித் தைத்தால் சட்டை இரண்டு நிறமாகிவிடும். அதனால் மறுசாயம் போட்ட லாட் என்றால் கட்டிங் மாஸ்டர்கள் அதே எண்ணை எழுதிச் சுற்றி ஒரு வட்டம் போடுவார்கள். துணி மூட்டையில் சாக்பீஸ் வட்டம், சீட்டில் பென்சில் வட்டம். எந்தக் கம்பெனியிலும் எழுதிவைத்த சட்டமில்லை, ஆனால் கட்டிங் டேபிளில் நிற்கிற எல்லோருக்கும் தெரியும்.

நான் புரோகிராம் எழுதிய காலத்தில் லாட் எண்ணுக்கு எண் மட்டும் அடிக்கிற ஒரு பெட்டி வைத்திருந்தேன். வட்டத்தை எப்படி அடிப்பது? அப்போதிருந்த கட்டிங் மாஸ்டர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். என் மேசைக்கு வந்து குனிந்து நின்று, “வட்டம் வரணும்மா. அது இல்லன்னா சோலி முடிஞ்சிரும்லா” என்றார். எனக்கு அன்று சீக்கிரம் வீட்டுக்குப் போகவேண்டியிருந்தது. வட்டம் போட்ட எண்ணுக்குக் கடைசியில் ஒரு ஒன்பது சேர்த்து அடித்துக்கொள்ளலாம் என்றேன். நூற்று மூன்று வட்டம் என்றால் ஆயிரத்து முப்பத்தொன்பது. ஆயுத பூஜை முடிந்ததும் எங்கள் கம்பெனியில் லாட் எண் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். வருடம் முழுக்கப் போனாலும் ஐந்நூறைத் தொடாது. ஆகவே நாலு இலக்கத்தில் ஒன்பதில் முடிகிற எண் வந்தால் அது வட்டம்தான். நூறுக்குக் கீழே உள்ள சின்ன எண்கள் நாலு இலக்கமாக, அவற்றோடு ஒன்பதாயிரத்தையும் கூட்டிக்கொண்டோம். எனக்கு ரொம்பப் பெருமையாகக்கூட இருந்தது.

அந்த மாஸ்டர் ஊருக்குப் போய்ப் பல வருடமாகிறது. பின்னால் வந்தவர்கள் வட்டம் போட்டார்கள், சீட்டைக் கொடுத்தார்கள், அவ்வளவுதான். அந்த வட்டம் ஒன்பதாக மாறுவது இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒன்று நான். இன்னொன்று சீட்டைப் பார்த்துக் கம்ப்யூட்டரில் அடிக்கிற அக்கா.

அக்கா அவிநாசிபாளையத்திலிருந்து வருபவர். என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். புருஷன் போன பிறகு வேலைக்கு வந்து, ஒற்றை விரலால் அடிக்கத் தொடங்கி, பார்க்காமல் அடிக்கும் அளவுக்கு வந்தவர். சின்னவர் என்னை அக்கா என்பார், ஆபீஸில் மற்றவர்கள் மேடம் என்பார்கள். இந்த அக்கா மட்டும் முதல் நாளிலிருந்து கண்ணு என்றுதான் கூப்பிடுவார். நான் பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தபோது தன் டப்பாவிலிருந்து ரசத்தை எனக்கு ஊற்றிவிட்டு வெறும் சோற்றைச் சாப்பிட்டவர். ஆயுத பூஜைக்கு என் கம்ப்யூட்டரைத் துடைத்துப் பொட்டு வைப்பதும் அவர்தான்.

சின்னவர் இரண்டாவது யூனிட் போட்ட பிறகு ஆர்டர் இரட்டிப்பானது. லாட் எண் ஓடிக்கொண்டிருந்தது. ஆடி மாதம் ஒருநாள், ஜன்னல் கதவு காற்றில் அடித்துக்கொண்டிருந்தபோது, அக்கா நாற்காலியைத் திருப்பிக்கொண்டு கேட்டார்.

“ஏங்கண்ணு, எண்ணூத்தி எழுவது வந்துருச்சு. ஆயிரத்தத் தாண்டுனா நம்ம ஒம்போது என்னாகும்?”

ஆயிரத்து ஒன்பதாம் லாட்டுக்கும் நூறு வட்டத்துக்கும் ஒரே எண்ணாகிவிடும் என்று அவர் கேட்பதற்கு முன்பே எனக்குத் தெரியும். எழுநூறு தாண்டும்போதே தெரியும். ஆனால் சின்னவருக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. புது மொழியில் எழுதுவதானால் இந்தப் பழையதில் ஏன் கை வைக்க வேண்டும்? அதில் ஒரேயடியாகச் சரிசெய்துவிடலாம். எழுதுவதில்லை என்றால் அப்புறம் நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம். எப்படிப் பார்த்தாலும் இன்றைக்குச் செய்ய வேண்டியதில்லை என்றே கணக்கு வந்தது. முடிவெடுக்காமல் இருப்பதில் இப்படி ஒரு சொகுசு இருக்கிறது. புதுசு எழுதும்போது எல்லாம் சேர்த்து மாற்றிவிடலாம், அதுவரைக்கும் இப்படியே போடுங்க அக்கா என்றேன். சரி கண்ணு என்று திரும்பிக்கொண்டார்.

ஆயிரத்து ஒன்பது வந்தது. ஒன்றும் ஆகவில்லை. ஆயிரத்துப் பத்தொன்பதும் இருபத்தொன்பதும் வந்து போயின. அந்த எண்கள் வருகிற நாட்களில் மட்டும் செக்கிங் முடியும்வரை காத்திருப்பேன். சாயங்காலம் ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்ததும் நாளைக்குப் பார்க்கலாம் என்று வேனில் ஏறிவிடுவேன்.

ஆயிரத்து முப்பத்தொன்பது ஒரு நேவி ப்ளூ லாட். அந்த ஆர்டரில் கொஞ்சம் துணி போதவில்லை. இதே நிறத்தில் போன கார்த்திகையில் மறுசாயம் போட்டு மிஞ்சிய துணி குடோனில் கிடந்தது. அது நூற்று மூன்று, வட்டம். குறைகிற உருப்படிகளுக்கு அதைத் தனியாக வெட்டிக்கொள்ளலாம் என்று கட்டிங்கில் எடுத்தார்கள். மாஸ்டர் ஒழுங்காக வட்டம் போட்டுத்தான் சீட்டு அனுப்பினார். அக்காவும் ஒழுங்காக ஒன்பது சேர்த்துத்தான் அடித்தார். ஒரே எண்ணில் இரண்டு துணிக்கும் சீட்டு அச்சாகி வந்தது. தையல் வரிசையில் உடம்பை ஒரு துணியிலிருந்தும் கையை இன்னொரு துணியிலிருந்தும் எடுத்துச் சேர்த்துவிட்டார்கள்.

டியூப் லைட் வெளிச்சத்தில் எல்லாம் ஒரே நீலம். செக்கிங்கில் யாருக்கும் தெரியவில்லை. பெட்டி போட்ட பிறகு வாங்குபவர்களின் இன்ஸ்பெக்டர் வந்தார். ஒரு சட்டையை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போனார். வெயிலில் கை மட்டும் ஊதாவாகத் தெரிந்தது. ஏற்ற வேண்டிய லாரியை நிறுத்திவிட்டு அத்தனை பெட்டியையும் பிரித்தார்கள்.

மறுநாள் காலையில் சின்னவர் அறையில் நாலு பேர் நின்றோம். அவர், கட்டிங் மாஸ்டர், அக்கா, நான். மாஸ்டர் சீட்டை மேசையில் வைத்தார். நூற்று மூன்று என்று எழுதி அழகாக ஒரு வட்டம். பக்கத்தில் கம்ப்யூட்டரில் எடுத்த தாள், ஆயிரத்து முப்பத்தொன்பது. நூற்று மூன்றை ஆயிரத்து முப்பத்தொன்பது என்று எப்படி அடிக்க முடியும் என்று மாஸ்டர் கேட்டார். நியாயமான கேள்வி. சின்னவர் அக்காவைப் பார்த்தார். அப்புறம் என் பக்கம் திரும்பி, சாஃப்ட்வேரில் ஏதாவது பிரச்சனையா என்று கேட்டார்.

“சாஃப்ட்வேர் என்னங்க பண்ணும். அடிச்சதத்தான் அது காட்டும்” என்றேன்.

அதில் பொய் ஒரு எழுத்துக்கூட இல்லை. இன்றுவரை என்னை அரிப்பது அதுதான். பொய் சொல்லியிருந்தால் பதற்றத்தில் உளறிவிட்டேன் என்றாவது ஆறுதல் தேடியிருக்கலாம். இது யோசித்து, நறுக்காகச் சொன்ன நிஜம். ஆறு மாதமாக நான் சும்மா இருந்ததை அவர் கேட்டுவிடுவாரோ, இதுதான் உங்கள் புரோகிராமின் லட்சணமா என்று உடனே கோயமுத்தூருக்குப் போன் போடுவாரோ என்றுதான் என் புத்தி ஓடியது.

அக்கா என்னைப் பார்த்தார். கோபமாக இல்லை. கம்ப்யூட்டர் நின்றுபோனால் கையை மடியில் வைத்துக்கொண்டு, நான் வந்து ஏதாவது ஒரு பட்டனைத் தட்டுவேன் என்று காத்திருப்பாரே, அப்படி. பிறகு சின்னவர் பக்கம் திரும்பி, தப்பு ஆயிருச்சுங்க என்றார்.

அவரை வேலையை விட்டு நிறுத்தவில்லை. சின்னவர் அப்படிப்பட்டவர் இல்லை. செக்கிங்குக்கு மாற்றினார். செக்கிங் நாளெல்லாம் நின்றுகொண்டு செய்கிற வேலை. அக்காவுக்குக் காலில் நரம்பு சுருட்டிக்கொண்டு வருடக்கணக்காகிறது என்பது சின்னவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். இரண்டு முறை செக்கிங் பக்கம் போகிற சாக்கில் எட்டிப் பார்த்தேன். ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றுகொண்டிருந்தார். நான் உள்ளே போகவில்லை. எட்டாம் நாள் அவர் தன் ஊர் வேனில் ஏறவில்லை என்று மற்றப் பெண்கள் பேசிக்கொண்டார்கள்.

ஆயுத பூஜை நெருங்கியது. பூஜை முடிந்தால் எண் ஒன்றிலிருந்து தொடங்கும். இந்தத் தப்பும் தடம் தெரியாமல் போய்விடும், இன்னும் பத்து மாதத்துக்கு யாருக்கும் எதுவும் தெரியாது. இதையும் நான் நினைத்தேன். நினைத்து நிம்மதியும் அடைந்தேன். பூஜையன்று காலையில் எல்லோரும் தரையைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். என் கம்ப்யூட்டர் தூசியோடு இருந்தது. பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. நானே துடைத்தேன். பொட்டு வைக்கக் கை போகவில்லை. கதவைச் சாத்திவிட்டு, பத்தொன்பது வருடம் முன்பு எழுதிய அந்தப் பக்கத்தைத் திறந்தேன். லாட் எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம் வைத்தேன். மறுசாயமா என்று கேட்கும். டிக் போட்டால் சீட்டில் எண்ணைச் சுற்றி வட்டம் அச்சாகும்.

நாற்பது நிமிடம். பழைய மொழியில்தான், புதுசு எதுவும் படிக்காமல். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். வெளியே பொரியும் சுண்டலும் கொடுக்கக் கூப்பிட்டார்கள். போகவில்லை. அழுகை வந்தது.

பூஜை லீவு முடிந்த அன்றே சின்னவரிடம் சொன்னேன். வட்டம், ஒன்பது, அக்கா ஆடியில் கேட்டது, நான் சொன்னது எல்லாம். அவர் திட்டுவார் என்று தயாராகப் போயிருந்தேன். திட்டவில்லை. மேசைமேல் இருந்த சட்டைச் சாம்பிளை மடித்துக்கொண்டே இருந்தார். அன்னைக்கே ஏனுங்கக்கா சொல்லல என்று மட்டும் கேட்டார். பிறகு, நீங்களே போய் அவரைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள், அதே வேலை, அதே இடம் என்றார். நான் எழுந்தபோது பைத்தானைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி அவிநாசிபாளையத்தில் இறங்கினேன். மெயின் ரோட்டிலிருந்து இரண்டாவது சந்து. இத்தனை வருடத்தில் அவர் எத்தனையோ முறை கூப்பிட்டும் நான் அந்த வீட்டுக்குப் போனதில்லை. அக்கா முன்னறையில் காலை நீட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு மூட்டை நிறையக் குழந்தைகள் பனியன். ஏதோ ஜாப்வொர்க் யூனிட்டிலிருந்து வந்த துணி. ஒவ்வொன்றாக எடுத்துப் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தார்.

“வாங்க மேடம்” என்றார்.

சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு மறுபடி உட்கார்ந்து கத்தரியை எடுத்துக்கொண்டார். நான் கண்ணு என்ற சொல்லுக்காகக் காத்திருந்தேன். சின்னவரிடம் சொன்னதையெல்லாம் அவரிடமும் சொன்னேன். தப்பு என்னுடையதுதான் என்றேன். அவர் கை நிற்கவில்லை. வெட்டிய பனியன்களை ஒரு பக்கம் அடுக்கிக்கொண்டே சொன்னார்.

“அன்னைக்கு நீங்க வாயத் தொறப்பீங்கன்னு இருந்தனுங்க மேடம். நீங்களே அப்படிச் சொன்ன பொறவு நான் என்னத்தச் சொல்றது.”

சின்னவர் கூப்பிடுகிறார், பழைய நாற்காலிதான், நின்றுகொண்டு செய்கிற வேலை இல்லை என்றேன். இப்போது ஒன்பது கிடையாது, கட்டம் வைத்துவிட்டேன், டிக் போட்டால் போதும் என்றும் சொன்னேன். கடைசியில் சொன்னதை ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. அவர் ஒரு பனியனை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தார். எங்கோ தொங்கிய ஒரு நூலைக் கத்தரித்தார்.

“அந்தப் புதுசு, படிச்சுட்டீங்களா?”

“இல்லீங்க. பாத்துட்டு இருக்கறனுங்க” என்றேன்.

தலையாட்டினார். அடுத்த பனியனை எடுத்து மடியில் போட்டுக்கொண்டார்.

“நானும் பாத்துட்டுச் சொல்றனுங்க, மேடம்.”

நான் சொம்பைத் தரையில் வைத்துவிட்டு எழுந்தேன்.